கடைத்தேங்காய்

கல்யாணத்துக்கு முன்னாலேயே கெர்ட்ரூட்டும் ஆம்புரோசும் ஒரு பேச்சுப் பேசி முடித்திருந்தார்கள். நகைநட்டு பற்றிய பேச்சில்லை, அதையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஓடுவதை அவன் எந்தக் காலத்திலும் நிறுத்தச் சொல்லக்கூடாது. அவன் ட்ரம்பெட் ஊதுவதை அவள் நிறுத்தச் சொல்லக்கூடாது. பிள்ளை குட்டி வந்தாலும் இதுதான் சட்டம். ஈப்போ பாடாங் திடலின் புல்தரையில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலையைப் பாதிப் பாதியாகத் தின்றுகொண்டே பேசியது. ஆம்புரோஸ் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அன்றைக்கு அவன் பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கெர்ட்ரூட் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். பதினான்கு வயதில் தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் செருப்பில்லாமல் ஓடி, துரை கையால் ஒரு துண்டும் சோப்புப் பெட்டியும் பரிசு வாங்கினாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். நானூறு மீட்டர் அவளுடைய ஓட்டம். பொழுது விடிந்ததிலிருந்து யாருக்காவது எதையாவது செய்துகொண்டே இருந்தவளை, அந்த ஒரு நிமிஷம் மட்டும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் ஓடினாள். பதக்கம் கிதக்கமெல்லாம் அப்புறம்.

ஆம்புரோசுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. பகலெல்லாம் வீடு வீடாக நாய்க்குப் பயந்து நடப்பான். சாயங்காலம் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தால் ஆளே மாறிவிடுவான். சதாசிவம் என்ற டிரம் வாசிக்கிறவனோடும் இன்னும் நாலு பேரோடும் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தான். கல்யாண விருந்துக்கு ஊதுவான், ஈஸ்டர் பூசைக்குக் கோயில் மாடியில் நின்று ஊதுவான். அவன் ஊதும்போது கெர்ட்ரூட்டுக்கே கண் கலங்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புந்தோங்கில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். ஜோன் பிறந்தாள். நாலு வருஷம் கழித்துப் பாஸ்கல் பிறந்தான். கெர்ட்ரூட் டவுனில் ஒரு கிளினிக்கில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தாள். பேசி வைத்தபடியே முறை போட்டுக்கொண்டார்கள். திங்களும் வியாழனும் அவளுக்கு. அவள் ஓடப் போவாள், அவன் பிள்ளைகளைப் பார்ப்பான். புதனும் சனியும் அவனுக்கு. பக்கத்து வீட்டுப் பெட்ரீசியா அக்காவுக்கு இது வேடிக்கையிலும் வேடிக்கை. "ரெண்டு பிள்ளைய பெத்தவ அரைக்கால் சிலுவார மாட்டிக்கிட்டு பாடாங்குல ஓடுறா, ஆம்பிள பீடிங் போத்தலக் கழுவுறான். காலம் கெட்டுப் போச்சுலா" என்று தெருவில் போகிற மீன்காரனிடம்கூடச் சொல்வாள்.

கெர்ட்ரூட் அதைக் காதில் வாங்கவில்லை. எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த உடம்பு அது. மார்பை ஒரு பழைய கைலித் துணியால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவாள். மூன்றாவது சுற்றில் சட்டை நனைந்துவிடும். வேர்வை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளுக்குத் தெரியும்.

காதில் வாங்கியது ஆம்புரோஸ்தான். பேண்டுக்காரர்கள் ஒருநாள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "மச்சான், ஒன் வீட்டுக்காரி தொடைய ஈப்போவே பாக்குதுலா, நீ மட்டுந்தான் டிக்கெட் வாங்காமப் பாக்குற" என்றார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். வந்தவன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்குப் பல்வலி என்றான்.

எழுபத்தாறாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை. ஓட்டக் கழகத்துச் செயலாளர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்து மனிதர், கல்வி அலுவலகத்தில் கிளார்க், கையில் ஸ்டாப் வாட்சோடு முடிவுக் கோட்டருகே நின்றார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கெர்ட்ரூட் ஓடி முடித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவர் வாட்சைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பிள்ளை, ஐம்பத்தொன்பது தசம் எட்டு! ஒரு நிமிஷத்துக்குள்ள வந்திட்டீர். பேராக் மாநில அணிக்கு உம்மட பேரைத்தான் அனுப்பப் போறன். அடுத்த மாசம் கோலாலம்பூரில போட்டி. விளங்குதோ?"

அவளுக்கு விளங்கியது. மழை பிடித்துக்கொண்டது. மழையிலேயே சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நனைந்ததில்லை.

வீட்டில் பாஸ்கல் பெட்ரீசியா அக்கா இடுப்பில் இருந்தான். ஆம்புரோசையும் ஜோனையும் காணோம். சதாசிவம் வந்து கூப்பிட்டான் என்று, தன் முறையில்லாத நாளில், ஜோனைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பேண்டு அறைக்குப் போய்விட்டான். ஏழு மணிக்குத் திரும்பினான். ஜோன் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஈரம். பல் தந்தியடித்தது.

"அப்பா ஊதுனாங்க. நான் கான்ல வெளயாண்டேன். தண்ணி இவ்வளோ ஒசரம் வந்துச்சு" என்றாள் பிள்ளை, இடுப்பைக் காட்டி. மழைத்தண்ணீர் பாயும் சாக்கடையில் நாலு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை ஜன்னி. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று நாள் கெர்ட்ரூட் கட்டிலை விட்டு நகரவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. கழிவறையில் நின்று பிழிந்து ஊற்றினாள். கோலாலம்பூர் நினைவுக்கு வரவேயில்லை. நாலாவது நாள் காலையில் ஜோன் கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றாள். ஆம்புரோஸ் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதான். அவன் அழுகையைப் பார்த்து, மழையில் விட்டதற்காக அவனைக் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையையும் அவள் விழுங்கிவிட்டாள். அது அவள் செய்த முதல் தப்பு.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நவநாள். வாராவாரம் ஜெபம் முடிந்ததும், பெட்டியில் விழுந்த நன்றிக் கடிதங்களை உபதேசியார் உரக்கப் படிப்பது வழக்கம். பரீட்சையில் தேறியவன், தொலைந்த மாட்டைக் கண்டுபிடித்தவன், குடியை விட்டவன், எல்லாருடைய நன்றியும் அங்கே சபையறியச் சொல்லப்படும். கெர்ட்ரூட் பெண்கள் பக்கம் பெட்ரீசியா அக்காவோடு உட்கார்ந்து, மடியில் ஜோனை வைத்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் மூன்றாவது கடிதத்தைப் பிரித்தார்.

"கோடி அற்புதரான புனித அந்தோணியாரே! என் மகள் ஜோன் காய்ச்சலில் சாகக் கிடந்தாள். அவளுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தால், என் மனைவி கெர்ட்ரூட் இனி ஆயுசுக்கும் ஓட்டப் பந்தயத்தில் கால் வைக்கமாட்டாள் என்று பொருத்தனை செய்துகொண்டேன். பிள்ளை பிழைத்தாள். உமக்கு நன்றி. ஆம்புரோஸ், புந்தோங்."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பெட்ரீசியா அக்கா அவள் கையைப் பிடித்து அமுக்கி, "குடுத்து வெச்சவ நீ. எந்த ஆம்பிள பிள்ளைக்காவ இப்புடி நேந்துக்குவான்?" என்றாள். கெர்ட்ரூட் ஆண்கள் பக்கம் பார்த்தாள். ஆம்புரோஸ் முழங்காலில் நின்று கண்ணை மூடியிருந்தான்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை வேதக்காரர்களுக்கும் நன்றாகவே பொருந்தும். ஊரில் ஆண்பிள்ளைகள் பொருத்தனை வைப்பதுண்டு. கள்ளை விடுகிறேன், சுருட்டை விடுகிறேன் என்பார்கள். தாய்மார் பிள்ளையின் தலைமுடியை நேர்ந்துகொள்வார்கள், அது மறுபடி முளைத்துவிடும். இவன் பெண்டாட்டியின் காலை நேர்ந்துகொண்டு வந்திருக்கிறான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"பிள்ள சாகக் கெடக்குது, அந்த நேரத்துல ஒன்னையக் கேட்டுக்கிட்டு இருப்பாங்களா? வாயில வந்துச்சு, நேந்துக்கிட்டேன்."

"உங்க வாயில எப்பவும் ட்ரம்பெட்டுதான இருக்கும். அது வரலியா?"

ஆம்புரோஸ் நின்றான். உண்மையிலேயே புண்பட்டவன் போல அவளைப் பார்த்தான். "அது கோயில்ல ஊதுறது. சாமி சாமான சாமிகிட்டயே எப்புடி நேந்துக்கிறது? நீ ஓடுறது வெறும் ஓட்டந்தான, கெர்ட்ரூட்?"

"மழையில விட்டது நீங்க. அன்னிக்கு என் முற."

"நீ வூட்டுல இருந்திருந்தா பிள்ள ஏன் மழைக்குப் போவுது? பிள்ள பொழச்சிச்சு, அது போதும்லா."

பிள்ளை அவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

கெர்ட்ரூட் சும்மா இருந்துவிடவில்லை. மறுவாரம் சாமியாரிடம் போனாள். சின்ன வயது, பினாங்கில் படித்துவிட்டு வந்தவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒருத்தர் செய்த பொருத்தனை அவரை மட்டுந்தாம்மா கட்டும். உங்களைக் கட்டாது. சபைச் சட்டமே அப்படித்தான். நீங்க தாராளமா போய் ஓடுங்க" என்றார். கோயில் படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தாள். வாசலில் நின்ற பெட்ரீசியா அக்காவிடம் சொன்னாள். பெட்ரீசியா அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஃபாதருக்கு என்னா, பிள்ளையா குட்டியா? நாளைக்கு ஜோனுக்கு ஒண்ணு ஆனா ஃபாதர் வந்து குழி வெட்டுவாரா?" என்றாள்.

அன்று சாயங்காலம் ஜோன் இரண்டு தடவை இருமினாள். வெறும் இருமல். கெர்ட்ரூட் எடுத்து வைத்திருந்த ஓட்டச் சப்பாத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். சட்டம் அவளைக் கட்டவில்லை, பயம் கட்டிவிட்டது. கார்த்திகேசு அணிக் கடிதத்தோடு வீடு தேடி வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, முடியாது ஐயா என்றாள். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அவள் இடத்தில் தைப்பிங் பெண் ஒருத்தி போனாள். அறுபத்திரண்டு விநாடியில் ஓடுகிறவள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். திங்களும் வியாழனும் கெர்ட்ரூட்டுக்கு இனி எதற்கு? ஒரு மாதம் அந்த நாட்கள் சும்மா கிடந்தன. பிறகு ஆம்புரோஸ் திங்கட்கிழமையும் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தான். பிறகு வியாழக்கிழமையும். "நீ எப்படியும் வூட்டுலதான இருக்க" என்றான். அவன் ஊதல் நன்றாகத் தேறியது. தேறாமல் என்ன செய்யும்?

ஒருநாள் பாஸ்கலை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜோன் கையைப் பிடித்துக்கொண்டு, தோட்டத்துக்குப் போக மேடான் கிட் பஸ் நிலையத்துக்கு வந்தாள். சுங்கை சிப்புட் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கெர்ட்ரூட் ஓடினாள். நாலே எட்டுத்தான். ஜோன் கையை உதறிக்கொண்டு அங்கேயே நின்று அலறினாள்.

"ஓடாதம்மா! ஓடாத! நான் செத்துருவேன்!"

பஸ்ஸில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், பழம் விற்றுக்கொண்டிருந்த சீனக் கிழவி, எல்லாரும் பார்த்தார்கள். பஸ் போய்விட்டது. கெர்ட்ரூட் திரும்பி நடந்து வந்தாள். மெதுவாக நடந்தாள். ஜோன் அவள் காலைக் கட்டிக்கொண்டு, "பெட்ரீசியா ஆண்ட்டி சொன்னாங்க. நீ ஓடுனா சாமி என்னைய எடுத்துக்குமாம்" என்று விக்கினாள். ஐந்து வயதுப் பிள்ளை காவல்காரியாக வளர்ந்துகொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையை அந்த இடத்தில் ஒரு நொடி வெறுத்தாள் கெர்ட்ரூட். அந்த ஒரு நொடியை அவள் பிறகு மறக்கவேயில்லை.

அந்த நினைப்பு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு நவநாளில் வந்திருக்கலாம், மற்றவர்களின் நன்றிக் கடிதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தபோது. புருஷன் பெண்டாட்டிக்காக நேர்ந்துகொள்ளலாம் என்றால், பெண்டாட்டி புருஷனுக்காக நேர்ந்துகொள்ளக்கூடாதா? பிள்ளைக்கு ஒன்று வரும்போது. வரட்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளவில்லை. வந்தால், என்றுதான் நினைத்தாள். கிளினிக்கில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் மருந்து கலக்கும்போது, வந்தால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்தாள். மூன்று வருஷத்தில் அது மனப்பாடமாகிவிட்டது. இடையில் பிள்ளைகளுக்கு வந்ததெல்லாம் சளி, இருமல், வயிற்றுப்போக்கு. அதற்கெல்லாம் யார் பொருத்தனை செய்வார்கள்?

எழுபத்தொன்பதில் ஆம்புரோசுக்கு யோகம் அடித்தது. கோலாலம்பூரில் வானொலிக்காரர்கள் நடத்தும் பேண்டுப் போட்டிக்கு அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை ரயில். சதாசிவம் புதுச் சட்டை தைத்துக்கொண்டான். ஆம்புரோஸ் ஒரு வாரமாக ட்ரம்பெட்டைத் துடைத்துத் துடைத்து, அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான்.

"நீயும் வாயேன் கெர்ட்ரூட். பிள்ளைங்கள பெட்ரீசியாக்காகிட்ட விட்டுட்டு. கோலாலம்பூர நீ பாத்ததே இல்லியே" என்றான், சந்தோஷத்தில். பேச்சு எங்கே போய்க் குத்துகிறது என்று அவனுக்குப் புரியவேயில்லை. வேண்டுமென்றே சொல்லியிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்தபோது பாஸ்கல் பாயில் சுருண்டு கிடந்தான். மூன்று வயதுக்கு ஒரு இடத்தில் நிற்காத பயல். நெற்றி சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தாள். நூற்றியொன்று. ஆம்புரோஸ் கடைசிப் பயிற்சிக்குப் போயிருந்தான். அலமாரியில் காய்ச்சல் மருந்து இருந்தது, அவளே கிளினிக்கில் கலந்து கொண்டுவந்த இளஞ்சிவப்பு மருந்து. பாட்டிலைத் திறந்து ஸ்பூனில் ஊற்றினாள்.

ஊற்றிய ஸ்பூன் அப்படியே நின்றது. இப்போது கொடுத்தால் அரை மணியில் இறங்கிவிடும். சாயங்காலம் பயல் எழுந்து விளையாடுவான். நாளைக் காலை ரயில் போகும்.

ஸ்பூனில் இருந்ததைத் திரும்பப் பாட்டிலுக்குள்ளேயே ஊற்றினாள். மருந்து கலக்கும் கை, ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஜோன் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இப்போது ஏழு வயது.

"மருந்து குடுக்கலியாம்மா?"

"பொறு. இன்னுங் கொஞ்சம் பாக்கணும்."

"என்னாத்தப் பாக்கணும்?"

"எழுதுற வேலையப் பாரு."

மூன்று மணிக்கு நூற்றியிரண்டரை. கெர்ட்ரூட் ஈரத்துணியைக் கையில் எடுத்தாள், நெற்றியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பயல் "அம்மா தண்ணி" என்றான். தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கொடுக்காமலிருக்க அவள் அரக்கி இல்லை. நாலு மணிக்கு நூற்றிமூன்று. நூற்றிநாலு ஆனதும் போதும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தாள். நூற்றிமூன்றுக்குப் பெட்ரீசியா அக்காவே, இதுக்கெல்லாம் பொருத்தனையா என்று சிரிப்பாள். நூற்றிநாலு என்றால் ஊர் நம்பும். நூற்றிநாலில் மருந்தும் கொடுத்து, டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடலாம். தினமும் பத்துக் காய்ச்சலைப் பார்க்கிறவள், எனக்குத் தெரியாதா என்று நினைத்தாள். அத்தனை காய்ச்சலிலும் அவள் பார்த்தது மருந்து கொடுத்த காய்ச்சலை மட்டும்தான்.

நாலே முக்காலுக்குக் கோடு நூற்றிநாலைத் தொட்டது.

"ஜோன், ஓடிப்போயி பெட்ரீசியா ஆண்ட்டியக் கூட்டியா."

டாக்டரை இல்லை. முதலில் சாட்சியை.

பெட்ரீசியா அக்கா செருப்பை உதறிக்கொண்டு உள்ளே நுழைவதற்கும், பாஸ்கல் உடம்பு வில்லாக வளைவதற்கும் சரியாக இருந்தது. இது அவள் கணக்கில் இல்லை. வாயில் நுரை வந்தது, உதடு நீலமானது. கெர்ட்ரூட்டுக்குக் கணக்கு, கோபம், மூன்று வருஷம் எல்லாம் அறுந்து விழுந்தது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, "ஐயோ, என் பிள்ள" என்று கத்தினாள். அது பெற்ற வயிற்றின் கத்தல்தான், அதில் நடிப்பில்லை. ஆனால் மனப்பாடம் செய்த வாய் அடங்குமா? அதே மூச்சில் அதுவும் வந்தது.

"அந்தோணியாரே! என் பிள்ளையக் குடுத்துரு! எம் புருசன் இனிமே ஆயுசுக்கும் ட்ரம்பெட்டுல வாய் வெக்கமாட்டாரு! நேந்துக்கிட்டேன்! நேந்துக்கிட்டேன்!"

பெட்ரீசியா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். கதவோரம் ஜோன் நின்றிருந்தாள். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, அலமாரியில் மறுபடி மூடி வைத்திருந்த மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஆம்புரோஸ் ட்ரம்பெட் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தான். பெட்ரீசியா அக்காதான் முதலில் எதிரே போனாள். "பயப்படாத தம்பி, பொழச்சிருவான். ஒன் பொஞ்சாதி ட்ரம்பெட்ட நேந்துக்கிட்டா" என்றாள், நல்ல செய்தி சொல்கிறவளாக. ஆம்புரோஸ் கெர்ட்ரூட்டைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை. பொருத்தனை கட்டாது என்று அவனும் சொல்லியிருக்கலாம், சாமியாரிடம் ஓடியிருக்கலாம். எப்படிச் சொல்வான்? சொன்னால் மூன்று வருஷத்துக்கு முந்தி அவன் நேர்ந்ததும் கட்டாமல் போய்விடுமே. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் சதாசிவமும் மற்றவர்களும் ரயில் ஏறவில்லை. ட்ரம்பெட் இல்லாத பேண்டு எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கல் எழுந்து உட்கார்ந்து மைலோ கேட்டான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கை கால், காது, கண் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "மருந்து குடுத்தீங்களா, எப்ப குடுத்தீங்க?" என்று அவர் கேட்டபோது, கெர்ட்ரூட், மத்தியானமே கொடுத்தேன் என்றாள். ஜோன் பக்கத்தில்தான் நின்றாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை உபதேசியார் அதே குரலில் படித்தார். கோடி அற்புதருக்கு நன்றி, கெர்ட்ரூட், புந்தோங். கோயில் திரும்பிப் பார்த்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கெர்ட்ரூட் ஆண்கள் பக்கம் பார்த்தாள். ஆம்புரோஸ் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு நின்றான். ஊதி ஊதி நடுவில் தழும்பேறிய உதடு. இந்த ஒரு காட்சியைத்தான் அவள் மூன்று வருஷமாக மனதுக்குள் பார்த்து வைத்திருந்தாள். இப்போது நேரிலே கிடைத்துவிட்டது. நெஞ்சில் ஒன்றும் நிறையவில்லை.

நடந்து வரும்போது அவன் கேட்டான். "இப்ப நிம்மதியா?"

"பிள்ள பொழச்சிச்சு, அது போதும்லா" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் திங்கள், புதன், வியாழன், சனி எதுவும் யாருடைய நாளும் இல்லை. எல்லா நாளும் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். ஆம்புரோஸ் ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான். அவன் உதட்டுத் தழும்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அவள் துணி மடிப்பாள். ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளக்கூட இல்லை. பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் விட்டவர்கள் என்று கோயிலில் அவர்களைக் காட்டிச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைகளிடம், இவங்களப் பாத்துக் கத்துக்குங்க என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, மழைக்காலம் தொடங்கியதும் பாஸ்கலுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கெர்ட்ரூட் அலமாரியைத் திறந்தாள். மருந்து பாட்டிலைக் காணோம். மேல்தட்டில் பார்த்தாள், சமையலறையில் பார்த்தாள். ஆம்புரோசைக் கேட்டாள், அவன் தலையை ஆட்டினான். கடைசியில் ஜோனுடைய புத்தகப் பை கையில் தட்டுப்பட்டது. பென்சில் பெட்டிக்குக் கீழே, கைக்குட்டையில் சுற்றி, பாட்டில் இருந்தது. கூடவே ஒரு ஸ்பூனும்.

"இத ஏன் ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போற?"

ஜோன் பயப்படவில்லை. எழுந்து வந்து பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வூட்டுல வெச்சா நீ குடுக்காம வெச்சிருவ. நானே வெச்சிக்கிறேன்மா. தம்பிக்குக் காய்ச்ச வந்தா நான் குடுத்துக்கிறேன்."

கெர்ட்ரூட்டுக்கு அடிக்கக் கை வந்தது. அழ வாய் வந்தது. இரண்டையும் செய்ய அவளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? பிள்ளை நிமிர்ந்து நின்று காத்திருந்தாள்.

"நூறுக்கு மேல போனா ஒரு ஸ்பூனு" என்றாள் கெர்ட்ரூட். குரல் கிளினிக் குரல். "நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ. அதுக்கு மேல குடுக்கக்கூடாது."

"நூறுக்கு மேல போனா ஒரு ஸ்பூனு. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ" என்று ஜோன் ஞானோபதேசம் ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொன்னாள். பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு தெர்மாமீட்டரையும் கேட்டாள். கெர்ட்ரூட் எடுத்துக் கொடுத்தாள்.